தோடு போட்ட மாட்டுக்குக் காசு வந்தது, தேனீப் பெட்டிக்கு வரவில்லை

வெள்ளத்தில் மாடு, ஆடு, கோழி, தேனீ என்று எனக்குப் போனது இரண்டு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்ச் சொச்சம். அரசு நிவாரணமாகக் கைக்கு வந்தது 57,500 ரூபாய், அதுவும் மூன்றரை மாதம் கழித்து, பதினான்கு நாள் அலைந்த பிறகு. அழுது புலம்புவதற்காக இதை எழுதவில்லை. அந்த முதல் இரண்டு நாளில் யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று "இதை மட்டும் செய்யாதே, அதை மட்டும் விட்டுடாதே" என்று சொல்லியிருந்தால் இன்னும் ஒரு முப்பதாயிரம் வந்திருக்கலாம், பாதி அலைச்சலும் மிச்சமாகியிருக்கும். எனக்குச் சொல்ல ஆளில்லை. வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருந்தார். வீட்டில் நான், மாமியார், இரண்டு பிள்ளைகள்.

எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையோரம். ஆற்றுக்கும் எங்கள் கொல்லைக்கும் நடுவில் நாலு கழனிதான். 2024 நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடந்தது என்றுதான் பேர், நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. எங்கள் ஊரில் டிசம்பர் 1ஆம் தேதி மழை கொஞ்சம் விட்டதும், சரி, தப்பித்தோம் என்று நினைத்தோம். மழையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம், ஆற்றைப் பார்க்கவில்லை. மேலே கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை பக்கம் பெய்ததெல்லாம் சாத்தனூர் அணைக்கு வந்து, 2ஆம் தேதி அதிகாலையில் அங்கிருந்து 1.68 லட்சம் கன அடி வரை திறந்தார்கள். அன்றைக்கு அரசூரில் சென்னை–திருச்சி சாலையே மூழ்கிப் போக்குவரத்து நின்றது. அதைச் செய்தியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

கொல்லையில் அப்போது இருந்தது இவ்வளவு: இரண்டு ஜெர்சி கலப்பின மாடு, 22 வெள்ளாடு, 18 நாட்டுக்கோழி, முருங்கை மரங்களுக்கு நடுவில் எட்டுத் தேனீப் பெட்டி. தண்ணீர் வந்த சத்தம் முதலில் மாமியாருக்குத்தான் கேட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு போவதற்குள் பட்டியில் முழங்கால் அளவு. கறவை மாட்டில் ஒன்றைக் கயிற்றை அறுத்து ரோட்டுக்கு இழுத்துவிட்டேன். இன்னொன்று நிறைசினை, படுத்த இடத்தில் எழாமல் அடம் பிடித்தது. பட்டிப் படலைத் திறந்து ஆடுகளை விரட்டினேன். பத்து ஆடு ஏரிக்கரை மேட்டில் ஏறிவிட்டன. ஏழு ஆடு இருட்டில் எந்தப் பக்கம் போயின என்று இன்றுவரை தெரியாது. ஐந்து ஆடு பட்டி மூலையிலேயே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்று அப்படியே போய்விட்டன. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்கு ஓடினோம்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியில் அடைபட்டுச் செத்த ஐந்துக்குக் காசு வந்தது. பிழைக்கட்டும் என்று நான் திறந்துவிட்டு ஆற்றோடு போன ஏழுக்கு ஒரு பைசா வரவில்லை, ஏனென்றால் உடல் இல்லை. திறந்துவிட்டது தப்பா என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். இல்லை. திறக்காமல் இருந்திருந்தால் 22ம் போயிருக்கும். ஆனால் திறந்துவிடுவதற்கு முன்னால் அந்த 22 ஆடும் என்னிடம் இருந்தன என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. என் தப்பு அங்கேதான்.

3ஆம் தேதி மத்தியானம் தண்ணீர் வடிந்து வீட்டுக்குப் போனோம். மாடு உப்பிப்போய்க் கால் நாலும் விறைத்துக் கிடந்தது. சேறு காய ஆரம்பித்து வாடை தாங்கவில்லை. தெருவில் எல்லோர் வீட்டிலும் இதே கதைதான். ஊராட்சியிலிருந்து ஜேசிபி வந்து ஊர்க்கோடியில் குழி எடுத்து எல்லாவற்றையும் அள்ளிப் போட்டு சுண்ணாம்பு தூவி மூடினார்கள். மாமியார் ஒரு பக்கம் "பிள்ளைங்க இருக்கிற வீடு, சீக்கிரம் அனுப்பும்மா" என்றார். என் போன் தண்ணீரில் விழுந்து செத்துப்போயிருந்தது. ஒரு போட்டோ இல்லை, கால்நடை மருத்துவர் வந்து பார்க்கவும் இல்லை. மாட்டையும் ஐந்து ஆட்டையும் அப்படியே கொடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் நிவாரணம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. வரவும் வராது. அந்த வாடையில் நிற்கிற யாருக்கும் வராது. அதனால்தான் இதை இப்போதே, நிலம் காய்ந்திருக்கும்போதே படித்து வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா விவரமானவர். அவர் மாடும் செத்தது. ஜேசிபி தூக்குவதற்கு முன்னால் ஓடிப்போய் மாட்டின் காதில் இருந்த மஞ்சள் தோட்டை அறுத்து எடுத்துக்கொண்டார். எனக்கு அப்போது அது அருவருப்பாக இருந்தது. "ஏன்க்கா, செத்த மாட்டோட காதை..." என்று கேட்டேவிட்டேன். அவர் பதில் சொல்லாமல் கழுவி மடியில் முடிந்துகொண்டார். கோமாரித் தடுப்பூசி போடும்போது காதில் மாட்டிவிடுவார்களே, பன்னிரண்டு இலக்க எண் போட்ட பிளாஸ்டிக் தோடு, அதுதான். அந்த எண்ணை அடித்தால் மாட்டின் இனம், வயது, யார் பெயரில் இருக்கிறது, எப்போது ஊசி போட்டது எல்லாம் பதிவில் வந்துவிடும். மாட்டுக்கு ஆதார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு காப்பீடு போட்டிருந்ததால் அக்காவுக்கு அது தெரிந்திருந்தது. தோடு இல்லாமல் காப்பீட்டில் பேச்சே கிடையாது.

4ஆம் தேதியோ 5ஆம் தேதியோ, தலையாரி அண்ணன் ஒரு நோட்டோடு பள்ளிக்கூடத் திண்ணைக்கு வந்தார். யார் யாருக்கு என்ன போச்சு என்று எழுதினார். நான் "மாடு ஒண்ணு, ஆடு பன்னண்டு" என்றேன். "உடம்பு கிடைச்சது எத்தனைம்மா?" என்றார். "அஞ்சு." அவர் ஐந்து என்று எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். கோழியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. கோழிக்கெல்லாம் எவன் காசு கொடுப்பான் என்ற நினைப்பு. பிறகுதான் தெரிந்தது, அந்த வாரம் அறிவித்த பட்டியலிலேயே கோழிக்கு ஒன்றுக்கு 100 ரூபாய் இருந்தது. 18 கோழி, 1,800 ரூபாய். பெரிய தொகை இல்லைதான், ஆனால் வாயைத் திறந்திருந்தால் வந்திருக்கும்.

அந்த முதல் பட்டியல்தான் எல்லாவற்றுக்கும் வேர் என்பது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குப் பிறகு எந்த மேசைக்குப் போனாலும் "முதல் கணக்கெடுப்பில் இல்லையேம்மா" என்றார்கள். அதனால் கையெழுத்துப் போடும் முன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாங்கிப் படியுங்கள். ஆற்றோடு போனதைத் தனியாக "காணவில்லை" என்றாவது எழுதச் சொல்லுங்கள். கோழி, கன்றுக்குட்டி, எல்லாவற்றையும் சொல்லுங்கள். பட்டியலில் இடம் இருக்கிறதா இல்லையா என்று நாமே முடிவுசெய்து விழுங்கிவிடக் கூடாது. முடிந்தால் அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எழுத வந்தவரைக் குற்றம் சொல்லவில்லை, அவர் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர் நின்றது.

தொகை விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து கொடுப்பதற்கு மத்திய அரசு ஒரு விகிதம் வைத்திருக்கிறது. அந்த வெள்ளத்தின்போது இருந்தது இது: கறவை மாடு, எருமைக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய். முன்பு இது 30,000மும் 3,000மும்தான். உழவு மாட்டுக்கு 32,000, கன்றுக்கு 20,000. கோழிக்குத் தலைக்கு 100 வீதம் ஒரு குடும்பத்துக்கு 10,000 வரை. இதில் ஒரு வரம்பு உண்டு: ஒரு குடும்பத்துக்குப் பெரிய கறவை என்றால் மூன்று, ஆடு போன்ற சிறியவை என்றால் முப்பது, அவ்வளவுதான். அதற்கு மேல் எத்தனை செத்தாலும் கணக்கில் வராது. அம்பது அறுபது செம்மறி வைத்து மேய்க்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். குடும்பம் என்பதைக் குடும்ப அட்டையை வைத்துத்தான் பார்த்தார்கள். எங்கள் கொழுந்தனார் தனியாக அடுப்பு வைத்து நாலு வருடம் ஆகிறது, அட்டை மட்டும் இன்னும் மாமனார் பெயரில் ஒன்றாகவே இருந்தது. அவருடைய மாடு, என்னுடைய மாடு எல்லாம் ஒரே வீட்டுக் கணக்கில் போனது. இந்த முறை மூன்றைத் தாண்டாததால் தப்பித்தோம். உண்மையாகவே தனிக்குடித்தனம் என்றால் அட்டையைப் பிரித்து வைத்துவிடுங்கள். வெள்ளம் வந்த பிறகு பிரிக்கப் போனால் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

இன்னொரு குழப்பம். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் கொடுத்தார்கள் அல்லவா? எங்கள் தெருவில் பாதிப் பேர் அதோடு முடிந்தது என்றே நினைத்துவிட்டார்கள். ஒரு அலுவலகத்தில் என்னையே ஒருவர் "அதான் ரெண்டாயிரம் வாங்கிட்டீங்களே" என்றார். அது வேறு, கால்நடை நிவாரணம் வேறு. அது ரேஷன் கடையில் வரும். இதற்குத் தனி விண்ணப்பம், தனிச் சான்று, பணம் வங்கிக் கணக்கில் வரும்.

சரி, சான்றுக்கு வருவோம். கிராம நிர்வாக அலுவலரிடம் போனால் கால்நடை மருத்துவர் சான்று கேட்டார். கால்நடை மருந்தகத்துக்குப் போனால் டாக்டரம்மா "நான் பார்க்காத உடம்புக்கு எப்படிம்மா சான்று தர்றது?" என்றார். கோபப்பட முடியவில்லை, நியாயமான கேள்வி. ஒரு நாள் முழுக்க அந்த வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து மாமியாரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். "நீங்கதான் சீக்கிரம் அனுப்பச் சொன்னீங்க" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் மீந்திருந்த மாட்டுக்கு வைக்கோல் போட்டார். பணம் போனதைவிட அந்தச் சாயங்காலம்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வழி காட்டியதும் அந்த டாக்டரம்மாதான். இரண்டாம் முறை போனபோது, "உயிரோட இருந்ததுக்கு என்ன வச்சிருக்கீங்க, அதைக் கொண்டுவாங்க" என்றார். அந்த ஒரு கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும் திறந்துவிட்டது. செத்ததைக் காட்ட முடியாது, சரி. இருந்ததைக் காட்டலாமே. மாட்டுத் தோடு குழியில் போய்விட்டது, ஆனால் தோட்டு எண் தடுப்பூசி அட்டையில் இருந்தது, அட்டை பரண்மேல் டிரங்குப் பெட்டியில் நனையாமல் இருந்தது. மருந்தகப் பதிவிலும் என் பெயர் இருந்தது. பால் சொசைட்டியில் தினம் எத்தனை லிட்டர் ஊற்றினேன் என்ற கணக்கு இருந்தது. இரண்டு மாடு கறந்ததும், ஒன்று சினை வற்றியதும் அந்தக் கணக்கைப் பார்த்தாலே தெரிந்தது. அப்புறம் கடவுள் போட்ட முடிச்சு ஒன்று: ஜேசிபி குழி மூடும்போது ஊராட்சி ஊழியர் ஒருவர், வேலை நடந்ததைக் காட்டுவதற்காக, தேதியும் இடமும் பதிகிற கேமராவில் வரிசையாகப் படம் எடுத்திருந்தார். நாலு நாள் கெஞ்சி அந்தப் படங்களை வாங்கினேன். ஒரு படத்தில் என் மாடு நெற்றிச் சுட்டியோடு நன்றாகத் தெரிந்தது. பக்கத்தில் ஐந்து ஆடு. அதில் ஒன்று கழுத்தில் என் பெண் கட்டிய சிவப்பு ரிப்பன்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து அழுதேன். பணம் வரும் என்ற சந்தோஷமா, ரிப்பனைப் பார்த்த துக்கமா, இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆடுகளுக்கு இப்படி எந்தப் பதிவும் இல்லை. படத்தில் இருந்த ஐந்துக்கு மேல் ஒன்றுகூட ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் இரண்டு பேர் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை வாங்கிக் கோப்பில் வைத்தார்களே தவிர, பலன் இல்லை. பிழைத்து மேட்டில் நின்ற பத்தில் மூன்று ஆடு இரண்டு வாரத்தில் சளி பிடித்து இழுத்து இழுத்துச் செத்தன. இந்த முறை நான் உஷார். மருத்துவரை வரவழைத்தேன், போட்டோ எடுத்தேன், சான்றும் வாங்கினேன். சான்றில் நுரையீரல் அழற்சி என்று இருந்தது. மேசையில் இருந்தவர் படித்துவிட்டு "இது நோய்ச்சாவும்மா, வெள்ளச்சாவு இல்லை" என்றார். மூன்று நாள் ஈரத்திலேயே நின்ற ஆட்டுக்குச் சளி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டேன். பதில் இல்லை. இதில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: வெள்ளம் வடிந்த முதல் இரண்டு நாளிலேயே பிழைத்த ஆடுகளையும் காட்டி வைத்தியம் பார்த்து, வெள்ளத்தில் நனைந்தவை என்று மருந்தகப் பதிவில் எழுத வைத்துவிடுங்கள். பணம் கிடைக்குமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆடு பிழைக்கவாவது வாய்ப்பு உண்டு. வண்டி இல்லையென்றால் 1962க்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். மழைக்காலத்துக்கு முன்பே ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி நோய்களுக்கு ஊசி போட்டுவிடுங்கள். அந்த ஊசிப் பதிவே உங்களிடம் எத்தனை ஆடு இருந்தது என்பதற்குச் சாட்சியாகவும் நிற்கும்.

இப்போது தேனீ. என் மனசு அதிகம் நொந்தது இதில்தான்.

தேனீ வளர்ப்பு எனக்கு 2021இல் வேளாண் அறிவியல் நிலையப் பயிற்சியில் தொற்றிக்கொண்டது. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்த இரண்டு பெட்டியில் ஆரம்பித்து, கூட்டம் பிரித்துப் பிரித்து எட்டாக்கினேன். இந்தியத் தேனீ, அடுக்குத் தேனீ என்பார்கள். பெட்டிக்குக் கீழே கால் நட்டு, எறும்பு ஏறாமல் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைப்போம். எறும்புக்கு அந்தக் கிண்ணத் தண்ணீர் போதும், ஆற்றுக்கு அந்தக் கால் ஒரு பொருட்டே இல்லை. ஆறு பெட்டி போன இடம் தெரியவில்லை. ஒன்று சீமைக்கருவேல முள்ளில் தலைகீழாகச் சிக்கியிருந்தது. முள் கிழித்த கையோடு இறக்கி மூடியைத் திறந்தேன். சட்டங்களுக்கு நடுவில் வண்டல், அதில் தேனீக்கள் வடிகட்டிய டீத்தூள் மாதிரி அப்பிக் கிடந்தன. புழு அறை அடையில் மூடி போட்ட குஞ்சுகள் அப்படியே வெள்ளை வெள்ளையாக. எட்டாவது பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது. உள்ளே ஒரு கைப்பிடித் தேனீ உயிரோடு இருந்தது, ராணி இல்லை. பத்து நாளில் அதுவும் முடிந்தது. பெட்டியும் கூட்டமுமாக ஒன்று மூவாயிரம் என்றால் 24,000 ரூபாய், முருங்கைப் பூவில் வரவேண்டிய தேன் தனி.

இதற்காக நான் போகாத படி இல்லை. கிராம நிர்வாக அலுவலர் "பட்டியல்ல தேனீன்னு ஒரு தலைப்பே இல்லையேம்மா" என்றார். கால்நடை மருந்தகத்தில் "தேனீ எங்க துறை இல்லை, தோட்டக்கலை" என்றார்கள். தோட்டக்கலையில் "மானியத்துல பெட்டி கொடுப்போம், செத்ததுக்கு எங்ககிட்ட ஒண்ணும் கிடையாது, கதர் வாரியத்துல கேட்டுப் பாருங்க" என்றார்கள். யாரும் கடுமையாகப் பேசவில்லை. ஒருவர் உட்காரச் சொல்லி டீகூட வாங்கிக் கொடுத்தார். அவர்கள் சொன்னது உண்மையும்தான். அந்த நிவாரண விகிதப் பட்டியலில் மாடு இருக்கிறது, கழுதை, ஒட்டகம் இருக்கிறது, மீன்குஞ்சுப் பண்ணை இருக்கிறது, பட்டுப்புழு வளர்ப்புக்குக்கூட ஹெக்டேருக்கு இவ்வளவு என்று இருக்கிறது. பட்டுப்புழுவும் பூச்சிதானே? தேனீ மட்டும் இல்லை.

என் அண்ணன் மகன் கல்லூரியில் படிக்கிறான். அவன் போனில் தேடிக் காட்டினான், அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு திட்டம் இருக்கிறதாம். கால்நடை, தேனீ, பண்ணை மீன் என்று மூன்றையும் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். வழக்கமாகச் சாகிற அளவு என்று 15 சதவீதத்தைக் கழித்துவிட்டு, அதற்கு மேல் போன கூட்டங்களுக்கு உதவி. ஆனால் அங்கேயும் இத்தனை பெட்டி இருந்தது என்று முன்கூட்டியே கணக்கு வைத்திருக்க வேண்டுமாம். "அத்தை, நீ அமெரிக்காவுல இருந்திருந்தாலும் உனக்குக் கிடைச்சிருக்காது" என்று சிரித்தான். சிரிப்பு வந்தது, என்ன செய்ய. மாட்டுக்காவது தோடு மாட்டலாம், தேனீக்கு எந்தக் காதில் மாட்டுவது?

தேனீ வைத்திருப்பவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது குறைவுதான். மத்திய அரசு தேனீ வளர்ப்பவர்களைப் பதிவு செய்கிற மதுகிராந்தி இணையதளத்தில் பெட்டி எண்ணிக்கையோடு பதிவு செய்துவிடுங்கள், ஒன்றும் இல்லாததற்கு அது ஓர் அத்தாட்சி. பெட்டி வாங்கிய ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். ஆற்றங்கரை, ஏரிக்கரைக்காரர்கள் ஐப்பசி பிறந்ததும் பெட்டிகளை மேட்டுக்கு மாற்றிவிடுங்கள், மாற்றுவதை இருட்டிய பிறகு, வாசலை அடைத்துச் செய்யுங்கள். நிவாரணத்தை நம்பி இருக்க வேண்டாம். நான் திங்கள்கிழமை குறைதீர்ப்பு நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனுவும் கொடுத்தேன். தோட்டக்கலைத் துறைக்கு அனுப்பியிருப்பதாக ஒரு பதில் வந்தது. அங்கிருந்து விதிகளில் இடமில்லை என்று இன்னொரு பதில் வந்தது. இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். என்றைக்காவது அந்தப் பட்டியலைத் திருத்தும்போது, கேட்டவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அது இருக்கட்டும்.

பணம் வந்த கதை சின்னதுதான், ஆனால் அதிலும் ஒரு பாடம் படித்தேன். ஜனவரியில் தெருவில் எல்லோருக்கும் வந்துவிட்டது, எனக்கு மட்டும் இல்லை. வரும் வரும் என்று ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டேன். நடுவில் ஒரு ஆள் "நான் உள்ளே சொல்லி முடிச்சுத் தர்றேன்" என்று ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு போனார், போனவர் போனவர்தான். ஏமாந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் அந்தச் சமயத்தில் நம் மூளை வேலை செய்யாது என்பது அவர்களுக்குத் தெரியும். பிப்ரவரியில் நேரில் போய்க் கேட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது. நான் கொடுத்த பாஸ்புக் நகல் பழையது. வங்கி இன்னொரு வங்கியோடு சேர்ந்ததில் ஐஎஃப்எஸ்சி எண் மாறியிருந்தது. பணம் போய்த் திரும்பி வந்திருக்கிறது, எனக்கு யாரும் சொல்லவில்லை. இதோடு ஆதாரில் என் இனிஷியல் அப்பா பெயரில், பாஸ்புக்கில் வீட்டுக்காரர் பெயரில். இரண்டையும் சரிசெய்து கொடுத்து, மார்ச் 18ஆம் தேதி போனில் செய்தி வந்தது. மாட்டுக்கு 37,500, ஐந்து ஆட்டுக்கு 20,000.

போன மாட்டை நான் வாங்கியது 62,000க்கு. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்பதால் அலைந்ததில் டிக்கெட் காசு மிச்சம். ஆனால் பதினான்கு நாள் வேலைக்குப் போகவில்லை. நூறு நாள் வேலைக் கூலி அப்போது 319 ரூபாய், அந்தக் கணக்குப்படியே பார்த்தாலும் நாலாயிரத்து ஐநாறு கிட்ட வருகிறது. ஒவ்வொரு முறை மனு கொடுக்கும்போதும் ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். எனக்கு முதல் இரண்டு மனுவும் காணாமல் போனது சீட்டு வாங்காததால்தான். மூன்றாவதிலிருந்து வாங்கினேன், எதுவும் காணாமல் போகவில்லை.

மீந்த மாட்டுக்கு இப்போது காப்பீடு போட்டிருக்கிறேன். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு கால்நடைக் காப்பீட்டில் விவசாயி கட்டவேண்டிய பங்கை 15 சதவீதமாகக் குறைத்தது. மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. வெள்ளத்துக்கு முன்பே இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. இடம் எப்போதும் இருப்பதில்லை, மருந்தகத்தில் பெயர் கொடுத்து வைத்து விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது ஆடு பதினொன்று ஆகியிருக்கிறது. ஒவ்வொரு இங்கிலீஷ் மாதமும் ஒன்றாம் தேதி காலையில், மேய்ச்சலுக்கு விடும் முன், தேதி விழுகிற கேமராவில் எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து, வீட்டுக்காரருக்கும் அண்ணன் மகனுக்கும் வாட்ஸாப்பில் அனுப்பிவிடுகிறேன், என் போன் நனைந்தாலும் அவர்களிடம் இருக்கும். தடுப்பூசி அட்டை, பாஸ்புக் நகல், குடும்ப அட்டை, ரசீதுகள் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில், வாய் கட்டி, பரண்மேல்.

மாமியாருக்கு இந்தப் படம் எடுக்கிற வேலை சுத்தமாகப் பிடிக்கவில்லை. எண்ணிப் பார்த்தாலே கண் படும், இதில் ஊருக்கெல்லாம் அனுப்புகிறாளே என்று முணுமுணுப்பு. போன மாதம் நான் எடுத்து முடித்துத் திரும்பினால், பட்டி வாசலில் கையில் உப்பும் மிளகாயும் வைத்துக்கொண்டு நிற்கிறார், ஆடுகளுக்குச் சுற்றிப் போட. "அசையாம நிறுத்து, நீ எடுத்த வரிசையிலேயே இருக்கட்டும்" என்றார். நிறுத்தினேன்.